கடையில் மட்டும் வேலை செய்யும் டாங்கிள்

மேலே வைக்க வேண்டாம் அக்கா, மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை. போன தடவை மேலேதான் வைத்தேன். பின்னால் ஏறிய ஒருவர் அதன்மேல் வாழைக்காய்ச் சாக்கை ஏற்றிவிட்டார். அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. இறங்குகிற வரைக்கும் அண்ணாந்து அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கள் மேல் இடித்தால் சொல்லுங்கள், திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

லேப்டாப்தான். புதுசு. புதுசு என்றுதான் பெயர், வாங்கிய நாளிலிருந்து அது எங்கள் வீட்டில் இருந்ததைவிட இந்த பஸ்ஸில் இருந்ததுதான் அதிகம். கடைக்குக் கொண்டுபோனால் ஓடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஓடமாட்டேன் என்கிறது. மறுபடி கடைக்குக் கொண்டுபோனால் ஓடுகிறது. தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்கே என்னைத் தெரிந்துவிட்டது. "என்னம்மா, இன்னைக்கும் பெட்டிக்கு மேலுக்குச் சுகமில்லையா" என்று கேட்கிறார்.

தப்பாகச் சொல்லிவிட்டேன். லேப்டாப் ஓடுகிறது, இன்டர்நெட்தான் வரமாட்டேன் என்கிறது. இதோ பாருங்கள், இதற்குப் பெயர் டாங்கிள். இந்த விரல் அளவுதான். உள்ளே சிம் கார்டு இருக்கிறது. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினால் இன்டர்நெட் வரவேண்டும். செருகியதும் லேப்டாப் டிங்-டங் என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் வருகிறது. வந்த கையோடு டங்-டிங் என்று இன்னொன்றும் வருகிறது. வந்த ஆள் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி, நீங்கள் செருகியது என்ன சாதனம் என்று எனக்குத் தெரியவில்லை என்கிறது. எத்தனை தடவை செருகினாலும் இதேதான். எங்கள் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பக்கமே வரப் பயம். அவளே இப்போது அடுக்களையில் இருந்தபடி சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறாள்: "போயிட்டுளா."

மணி என்ன அக்கா? ஒன்றே முக்காலா? சரி, நேரம் இருக்கிறது. இருக்கிறதா என்று தெரியவில்லை. நாலு மணிக்கு எனக்கு ஒரு டெஸ்ட். வேலைக்கான டெஸ்ட். வெளியூர்க் கம்பெனி ஒன்று, டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து வைத்ததைக் கேட்டு டைப் செய்து கொடுக்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். அதனால் டெஸ்ட்டும் வீட்டிலிருந்துதான் எழுதவேண்டும், நம்முடைய கம்ப்யூட்டரில், நம்முடைய இன்டர்நெட்டில். ஹெட்போனில் கேட்டு டைப் செய்யவேண்டும், கொஞ்சம் வாசித்தும் காட்டவேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினால் செல்லாது. போன வாரமே எழுதியிருக்கவேண்டியது. டாங்கிள் வேலை செய்யவில்லை மேடம் என்று கம்பெனிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அந்த மேடம் நல்ல மாதிரி, ஒரு தடவை தள்ளி வைக்கிறேன், இன்னொரு தடவை கேட்காதே என்று சொல்லிவிட்டார்கள். இன்று நாலு மணி விட்டால் அவ்வளவுதான்.

விட்டால் என்ன என்று கேட்டால், ஒன்றும் இல்லை, ஜவுளிக் கடை. பட்டப் படிப்பு முடித்ததும் அங்கேதான் பில் போட்டேன். காலையில் நின்றால் இரவு கடை அடைக்கிற வரைக்கும் நிற்கவேண்டும். அங்கே நமக்குப் பெயர் கிடையாது, கவுன்டர் நம்பர்தான். திங்கட்கிழமை மறுபடி வரச்சொல்லி இருக்கிறார்கள். வேறு ஆள் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஊரில் இந்த டெஸ்ட் பற்றி யாருக்கும் சொல்லவில்லை அக்கா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ். தெருவில் யார் வீட்டில் டிவி தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு டிவி தெரியாது. பரமு சித்தி ஒருத்தி இருக்கிறாள், எதிர்வீடு. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிச்சவளுக்கே கம்ப்யூட்டர் வசப்படலியாம்லா, நம்ம பிள்ளை படிக்காம இருந்ததே நல்லதுதான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். இப்போதே இப்படி. டெஸ்ட் என்று தெரிந்து, வேலை கிடைக்காமலும் போனால் நான் அந்தத் தெருவில் நடக்க முடியாது. நீங்கள் எங்கள் ஊரைத் தாண்டிப் போகிறவர், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அத்திக்குளம். ஆமாம், மலை அடிவாரம். பார்க்க நன்றாக இருக்கும், சிக்னல்தான் கிடைக்காது. டவர் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. இந்தப் பட்டன் போனில் பேசவே மொட்டை மாடிக்குப் போகவேண்டும். மாடியிலும் எல்லா இடத்திலும் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதன்மேல் ஏறி வடக்கே பார்த்து நின்றால் நன்றாகக் கிடைக்கும். அதனால் எங்கள் வீட்டில் டாங்கிள் இருக்கிற இடம் தொட்டிக்கு மேலே. அப்பா ஒரு கம்பம் நட்டிருக்கிறார். கம்பத்தின் உச்சியில் அம்மாவுடைய அரிப்பை, மாவு சலிக்கிறது இல்லை, சோறு வடிக்கிற அலுமினிய அரிப்பு, அதைச் சாய்த்துக் கட்டி, அதற்கு நடுவில் டாங்கிள். மழைக்கு ஒரு பாலிதீன் பை. அங்கிருந்து வயர் இறங்கி, ஜன்னல் வழியாக என் மேசைக்கு வரும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் அது வேலை செய்தது அக்கா. என் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் செய்தேன். அப்போது இருந்தது பழைய கம்ப்யூட்டர், மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பா தூக்கிக்கொண்டு வந்த பெட்டி. தட்டினால்தான் எழுந்திருக்கும். ஆமை மாதிரிப் போகும், ஆனால் போகும். டாங்கிளைப் பார்த்து நீ யார் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

கல்லூரியில் ஷெரின் என்று ஒருத்தி, ப்ராஜெக்ட்டுக்காக ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். மாடியில் அந்த அரிப்பைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் காட்டினாள். அதிலிருந்து வகுப்பில் அதற்குப் பெயர் ஆவுடையப்பன் டவர். அப்பா பெயர் ஆவுடையப்பன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அதற்குப் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை, அவ்வளவுதான். பேச அவசியம் வரவில்லை.

அப்பாவுக்கு மைக் செட் தொழில். எங்கள் பக்கத்தில் எந்தக் கோவிலில் கொடைத் திருவிழா என்றாலும் ஆவுடையப்பன் செட்தான். வயர் விஷயத்தில் அவரை யாரும் எதுவும் சொல்ல முடியாது. பனைமரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டி, அங்கிருந்து தெரு முழுக்க வயர் இழுத்து, மழையிலேயே ஜாயிண்டு போடுவார். இன்றைக்கு வரைக்கும் ஒரு கொடையில்கூடச் சாமியாடும்போது பாட்டு நின்றதில்லை. அந்த டாங்கிள் வயரையும் அவர்தான் செய்தார். கடையில் விற்கிற வயர் முழ நீளம்தான் இருக்கும். இவர் இரண்டை வாங்கி, நடுவில் வெட்டி, உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நாலு நரம்பு இருக்கிறதா, நிறம் பார்த்து முறுக்கி, இடையில் தன்னுடைய மைக் வயரை வைத்து, டேப் சுற்றி, தொட்டியிலிருந்து மேசை வரைக்கும் ஒரே வயராக ஆக்கிவிட்டார். இரண்டு ஜாயிண்டு. தொட்டுப் பார்த்தால் எங்கே முறுக்கினார் என்று தெரியாது.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன். பழைய பெட்டி இந்தக் கம்பெனி வேலைக்கு ஆகாது என்று அந்த மேடமே சொன்னார்கள். அப்பா மறுநாளே என்னைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடையில் ஜெபசிங் என்று ஓர் அண்ணன், அவர்தான் ரிப்பேர் எல்லாம் பார்க்கிறவர். டாங்கிளைச் செருகி, சாஃப்ட்வேர் ஏற்றி, இன்டர்நெட் திறந்து காட்டினார். பறந்தது. வீட்டுக்கு வந்தோம். டாங்கிளைக் கம்பத்தில் ஏற்றினேன். வயரை லேப்டாப்பில் செருகினேன். டிங்-டங். டங்-டிங். தெரியவில்லை.

அன்று நான் செய்யாதது இல்லை. வலது பக்கத் துளையில் செருகினேன், இடது பக்கத்தில் செருகினேன். அணைத்துப் போட்டேன். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். லேப்டாப் செட்டிங்குக்குள் போய்ப் பார்த்தால் டாங்கிள் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று, அதற்குள் ஆச்சரியக்குறி. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சிம்மை எடுத்துத் துடைத்துப் போட்டேன். அப்பா கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் நான் எரிந்து விழுவேன் என்று பயம். நான் அப்படி எரிந்து விழுகிற ஆள் இல்லை அக்கா. அன்று கொஞ்சம் சத்தமாகப் பேசியிருப்பேன்.

மறுநாள் தொட்டிமேல் ஏறி கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்று என்றார்கள், அமுக்கினேன். வந்த பெண் தமிழில்தான் பேசினாள், ஆனால் நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. டாங்கிளை எடுத்துவிட்டுச் செருகுங்கள் மேடம் என்றாள். எடுத்துவிட்டுச் செருகினேன் என்றேன். நான் லைனில் இருக்கும்போது ஒருதடவை செய்யுங்கள் என்றாள். டாங்கிள் தலைக்கு மேலே, லேப்டாப் கீழே அறையில், நான் தொட்டிமேல். கீழே இறங்கினால் போன் போய்விடும். இதை எப்படி அவளுக்குச் சொல்வது? செய்துவிட்டேன் மேடம், வரவில்லை என்றேன். பொய் இல்லை, காலையில் செய்திருந்தேன்.

இரண்டாவது தடவை கடைக்குப் போனேன். ஜெபசிங் அண்ணன் செருகினார், ஓடியது. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. டாங்கிள் சூடாகிறதா, வீட்டில் கரண்டு சரியாக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எர்த் எங்கள் அப்பா போட்டது, அதைக் குறை சொல்ல முடியாது என்றேன். எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்று கேட்டார். இரண்டிலும் என்றேன். அதுவும் உண்மைதான். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் உள்ளபடிதான் பதில் சொன்னேன், ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. கடைசியில் லேப்டாப்பின் உள்ளேயே ஏதோ மாற்றி, இனி வரும் என்றார். வீட்டில் வரவில்லை.

இன்று மூன்றாவது தடவை. காலையிலேயே போய்விட்டேன். இன்று புது டாங்கிளே கொடுத்துப் பார்த்தார். புதுசும் கடையில் ஓடியது, பழசும் ஓடியது. அங்கே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர்கள் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்கள். முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "பிள்ளைக்கு நம்ம கடை பிடிச்சுப்போச்சு போல" என்று சொல்லிச் சிரித்தார். ஜெபசிங் அண்ணன் சிரிக்கவில்லை. நான் வேண்டுமானால் பைக்கில் உங்கள் வீட்டுக்கே வந்து பார்த்துவிடுகிறேன், நேரில் பார்த்தால்தான் தெரியும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதற்கு அவருக்குச் சிரமம். அவர் வந்தால் மாடிக்குப் போகவேண்டும், பிறகு அரிப்பைப் பார்க்கவேண்டும், நாளைக்குக் கடை முழுக்க அதே பேச்சாக இருக்கும். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லைதான். ஆனாலும் எதற்கு?

கோபம் எனக்கு யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான். விற்கும்போது எல்லாம் ஓடும் என்கிறார்கள். கொண்டுவந்தால் இங்கே ஓடுகிறதே என்கிறார்கள். நான் என்ன, கடையிலேயே குடியிருக்க முடியுமா?

நான் முறையாகத்தான் பார்த்தேன் அக்கா. பாடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசுகிறது என்றால் அதில் ஏழு அடுக்கு இருக்கிறது. எங்கே கோளாறு என்று பார்க்க ஒவ்வோர் அடுக்காகப் பார்க்கவேண்டும். இந்த ஏழையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், யுனிவர்சிட்டிப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். மேலிருந்து ஆரம்பித்தேன். நாம் கண்ணால் பார்க்கிற சாஃப்ட்வேர், அது மேல் அடுக்கு. அதற்குக் கீழே, அதற்குக் கீழே என்று, பாஸ்வேர்டு, செட்டிங், நம்பர், டிரைவர், எல்லாம் பார்த்து இறங்கிவிட்டேன். ஆறு அடுக்கிலும் தப்பு இல்லை.

ஏழாவதா? ஏழாவது ஒன்றும் இல்லை அக்கா, அது தரைமட்டம். அதில் பார்க்க எதுவும் கிடையாது. பரீட்சையில்கூட அதை இரண்டு மதிப்பெண்ணுக்குத்தான் கேட்பார்கள். அது வெறும் வயர்.

வயர்தான்.

கடையில் வயர் இல்லை. வயர் எதற்கு அங்கே, நேராகச் செருகினார். வயரை நான் கொண்டுபோகவே இல்லையே, அது கம்பத்தோடு கட்டி இருக்கிறது. டாங்கிளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போவேன்.

இருங்கள் அக்கா. கொஞ்சம் இருங்கள்.

இல்லை, அப்படி இருக்காது. அதே வயர்தானே பழைய பெட்டிக்கும் போட்டிருந்தது? அதில் வந்ததே. அப்பா போட்ட ஜாயிண்டு அது. ஒரு கொடையில்கூட...

பழைய பெட்டி மெதுவான ரகம். மெதுவாகப் பேசுகிறவன் தூரத்திலிருந்து பேசினாலும் புரியும். இது வேகமான ரகம். இவ்வளவு நீளத்தில், இரண்டு இடத்தில் முறுக்கி, நடுவில் வேறு வயர் வைத்து... போகப் போகக் கரண்டும் குறைந்துவிடும், டாங்கிள் எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிடும். அதுதான் டிங்-டங், டங்-டிங். இந்த வகை வயருக்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. எனக்குத் தெரியும் அக்கா. இரண்டு மதிப்பெண் கேள்வி, நான் எழுதியிருக்கிறேன். ஐந்து மீட்டர் என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். எங்கள் தொட்டிக்கும் மேசைக்கும் அதைப்போல இரண்டு பங்குக்குமேல் இருக்கும்.

ஜெபசிங் அண்ணனாவது கேட்டிருக்கலாம். வயர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? மூன்று தடவை போனேனே. ரிப்பேர் பார்க்கிறவர் அதையெல்லாம் கேட்கவேண்டாமா?

மணி என்ன? இரண்டு இருபது. லேப்டாப்பைத் தொட்டிமேல் கொண்டுபோய்விட்டால் வயரே வேண்டாம். ஏன் இது எனக்குத் தோன்றவில்லை? கம்ப்யூட்டர் என்றால் அது மேசையில் இருப்பது, டாங்கிள் என்றால் அது மாடியில் இருப்பது, அப்படியே பழகிவிட்டது. அப்பா எனக்கென்று ஒரு மேசை செய்து, சுவரில் பலகை அடித்து, கம்ப்யூட்டர் ரூம் என்றே பெயர் வைத்துவிட்டார். அதுவும் இல்லாமல் வயதுக்கு வந்த பெண் தெருவே பார்க்கத் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தால் அம்மா சும்மா இருப்பாளா? போன் பேசவே அஞ்சு நிமிஷத்துக்குமேல் விடமாட்டாள்.

மலை மறைக்கிற திருப்பம் வருவதற்குள் அப்பாவுக்குச் சொல்லிவிடவேண்டும். அவர் மாடியில் இருந்தால்தான் எடுப்பார். அடிக்கிறது. ஒருவேளை... எடுத்துவிட்டார்.

"எப்பா, நான்தான். எங்க நிக்கீங்க? தொட்டி மேலயா? அங்கன என்ன செய்யுதீங்க? ... கம்பத்த ஒசத்தாண்டாம்ப்பா. வேண்டாம், இன்னொரு வயரும் வேண்டாம். நான் சொல்லுததக் கேளுங்க. அந்த வயர அவுத்திருங்க. ... ஆமா, முழுசா. ... வயர் நல்லாத்தான்ப்பா இருக்கு. இந்த லேப்டாப்புக்கு நீள வயர் ஒத்துக்கிடாதாம். பழைய பெட்டி மாதிரி இல்லியாம் இது. கடையில சொன்னாங்க. ... ஆமா, லேப்டாப்புலதான் குறை. உங்க ஜாயிண்ட ஒண்ணும் சொல்லல. ... நான் தொட்டி மேலயே உக்காந்து எழுதுதேன். ... வெயிலா? அது பரவாயில்ல. அம்மாட்ட நீங்க சொல்லிருங்க. எப்பா, சத்தம் மட்டும் இருக்கக் கூடாது. காதுல கேட்டு அடிக்கணும், வெளியில வேற இருக்கேன். மாவு மில்லு ஓடும்லா... எப்பா? எப்பா?"

திருப்பம் வந்துவிட்டது. கடைசியாக, அத நான் பாத்துக்கிடுதேன் என்று சொன்னது மட்டும் கேட்டது. இன்னொரு வயர் போட்டு, கம்பத்தையும் உயர்த்தக் கிளம்பியிருக்கிறார் அக்கா. இன்று ஒரு காதுகுத்துக்குச் செட் கட்டவேண்டும், அதை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்து ஏறி நிற்கிறார்.

பொய் என்று நினைக்காதீர்கள். கடையில் சொன்னார்கள் என்று சொன்னேனே, அது பொய் இல்லை. நான் கேட்டிருந்தால் கடையில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். லேப்டாப்பில்தான் குறை என்று சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. "நான் அன்னைக்கே நெனச்சேன், அந்தப் பெட்டியோட மூஞ்சியே சரியில்ல" என்கிறார். இவ்வளவு நாளும் எதுவுமே சொல்லாமல் வாசலில் நின்றாரே, தன்னுடைய வயரைத்தான் நினைத்துக்கொண்டு நின்றாரோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும். அவர் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

எங்கள் ஊருக்கு முந்தின விலக்கு ரோடு தாண்டிவிட்டதா? இனி பத்து நிமிஷம். வீட்டுக்குப் போனதும் நேரே மேலே ஏறிவிடவேண்டும். சார்ஜ் முழுசாக இருக்கிறது, கடையில் போட்டு வைத்தார்கள். அப்பா கரண்டுக்கும் ஒரு பிளக் பெட்டி மேலே இழுத்துவிடுவார், அந்த வயரில் எனக்குச் சந்தேகம் கிடையாது. வெயிலுக்கு அவரிடம் பந்தல் துணி இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் ஓரமாகக் கட்டிவிட்டால் எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியாது. எழுதி முடித்து, கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம்.

என்ன அது? யாரோ குழாயில் பேசுகிற மாதிரி கேட்கிறது. காதுகுத்து வீடாக இருக்கும். அங்கே பாட்டுதானே போடுவார்கள்.

ஐயோ அக்கா, அது எங்கள் அப்பா.

"...அத்திக்குளம் பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு. ஆவுடையப்பன் மகள் உலகம்மாள் இன்று மாலை நாலு மணிக்கு நமது வீட்டு மொட்டை மாடியில் வைத்து வேலைக்கான கம்ப்யூட்டர் பரீட்சை எழுத இருப்பதால், மாவு மில் உரிமையாளர் அவர்களும், மோட்டார் போடுகிறவர்களும், டிராக்டர் ஓட்டுநர்களும், தெருவில் விளையாடும் பிள்ளைகளும், பரீட்சை முடியும்வரை அமைதி காத்து ஒத்துழைப்பு தருமாறு ஆவுடையப்பன் ஒலி ஒளி சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்..."

பார்த்தீர்களா? இதற்குத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சத்தம் வேண்டாம் என்று சொன்னால் குழாயைக் கட்டிவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது. பரமு சித்தி இப்போது வாசலுக்கு வந்திருப்பாள். மறுபடியும் சொல்கிறார். வேலைக்கான பரீட்சை என்று அதை வேறு அழுத்திச் சொல்கிறார். கிடைக்காவிட்டால் நாளைக்கு இதே குழாயில் என்ன சொல்வார்?

மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தம் இந்த இடத்திலேயே கேட்கும் அக்கா. கேட்கிறதா உங்களுக்கு? எனக்கும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டார்களா? இன்னும் மூன்றுகூட ஆகவில்லையே.

எல்லாரும் சிரிக்கிறார்கள், முன் சீட்டில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள் அக்கா. பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம்... கண்டக்டர் வேறு வருகிறார். யாரும்மா அந்த உலகம்மா, நம்ம பஸ்ஸுலயா இருக்கு என்று கேட்டுக்கொண்டே வருகிறார்.

நான்தான் அண்ணாச்சி. உலகம்மாள் நான்தான். ஸ்டாப்புல வேண்டாம், அந்தா தொட்டி மேல பந்தல்துணி ஏறுதுல்லா, அந்த வீட்டுப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. நாலு மணிக்கு இதே வண்டிதானே திரும்பி வரும்? டிரைவர் அண்ணாச்சிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. எங்க ஊருக்குள்ள வாரப்போ ஹாரன் அடிக்காம வரணும்.